எழுதுகோலா? திருப்புளியா?

மே திங்கள் முதல் நாளன்று நம் ஆலயங்களில் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருவிழாவைக் கொண்டாடுகிறோம். 1955ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்திய விழா அது. இழைப்புளியும் உளியும் பிடித்துத் திருக்குடும்பத்தைக் காத்த அம்மகானைப் போற்றிப் பாடுகிறோம்; உழைப்பின் மேன்மையைப் பற்றி மறையுரை கேட்கிறோம். அடுத்த சில நாள்களில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகின்றன. அப்போது கோவில் வாசலில் கூடி நிற்கும் தந்தையரின் பேச்சுக்குச் சற்றே காது கொடுத்துப் பாருங்கள். சூசையப்பரிடம் அவர்கள் வைக்கும் முதல் விண்ணப்பம், தம் மகன் அவருடைய தொழிலுக்கு மட்டும் போய்விடக் கூடாது என்பதாகவே இருக்கும்!

இதைக் கேட்டு நகைப்பது எளிது. ஆனால் அந்தத் தந்தையரைக் குறை கூறுமுன் அவர்களுடைய கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

'உத்தியோகம் புருஷ இலட்சணம்' என்பது நம் நாட்டுப் பழமொழி. உத்தியோகம் என்ற சொல்லுக்கு முயற்சி என்பதே பழம்பொருள் என்று அறிஞர் கூறுவர். நம் மக்களோ அதற்கு மேசை, நாற்காலி, மின்விசிறி, மாத முதல் நாள் சம்பளம் என்று வேறு பொருள் கண்டுவிட்டனர். வெள்ளைக்காரன் ஆட்சியில் குமாஸ்தா வேலைக்குக் கிடைத்த மரியாதை அவன் போன பின்னும் போகவில்லை. 'கால் காசானாலும் கவர்ன்மெண்ட் காசு' என்ற பேச்சு அக்காலத்தில் பிறந்ததே. மேனாட்டாரும் இவ்விரு வகை வேலைகளைச் சட்டையின் கழுத்துப் பட்டையைக் கொண்டே பிரித்தனர். அலுவலகத்தில் எழுதுவோர் வெள்ளைப் பட்டையினர். அழுக்குத் தெரியாதிருக்க நீலச் சட்டை அணிந்து ஆலையில் உழைப்போர் நீலப் பட்டையினர். அங்கே சட்டை மாறினால் வகுப்பு மாறும். நம் நாட்டில் சட்டைக்கும் உள்ளே சாதி என்ற தோல் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022ஆம் ஆண்டு நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்களோ ஏறத்தாழ 22 இலட்சம் பேர். 2024இல் 6,244 இடங்களுக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இரு முறையும் பின்னர் இடங்கள் கூட்டப்பட்டன. கூட்டிய பின்னும் இருநூறு பேரில் ஒருவருக்குக்கூட இடமில்லை என்பதே நிலை. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் ஆகிய இப்பணிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. பொறியியல் பட்டம் பெற்றவரும் முதுகலைப் பட்டம் பெற்றவரும் அதே அறையில் அமர்ந்து அதே வினாத்தாளை எழுதுகின்றனர். 2003 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் பணியில் சேர்ந்தோர்க்குப் பழைய முறை ஓய்வூதியம் இல்லை என்று ஆன பிறகும் இந்த ஆசை தணியவில்லை.

அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் தில்லியிலுள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024 மார்ச்சில் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை இன்னொரு செய்தியைச் சொல்கிறது. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே வேலையின்மை 3.4 விழுக்காடு, பட்டம் பெற்ற இளைஞரிடையே 29.1 விழுக்காடு. படிக்காதவனுக்கு வேலை இருக்கிறது, படித்தவனுக்கு இல்லை என்று இதற்குப் பொருள் கூறி, 'ஆகவே படிக்க வைக்காதீர்கள்' என்று முடிவுகட்டுவோரும் உண்டு. அது பெருந்தவறு. எழுத்தறியா ஏழை ஒரு நாளும் சும்மா இருக்க இயலாது. கிடைத்த கூலிக்கு எதையாவது செய்தாக வேண்டும். பட்டதாரி மகனையோ, தாய் தந்தையர் இன்னும் இரண்டு ஆண்டுகள் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, நல்ல வேலைக்குக் காத்திருக்கச் சொல்கின்றனர். முன்னவனுக்கு இருப்பது வேலை என்பதைவிட வேறு வழியின்மை என்பதே பொருந்தும்.

அப்படியானால் கைத்தொழில் வேலைகள் மிகுதியாக இருக்கின்றன என்று சொல்கிறார்களே, அது உண்மையா? நம் திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம்.

பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் மலை சுற்ற வரும் மக்கள் வெள்ளத்தையும், கார்த்திகைத் தீபத்துக்குத் திரளும் கூட்டத்தையும் நாம் அறிவோம். அருணாசலேசுவரர் கோவிலைச் சுற்றியும், இரமணாசிரமச் சாலையிலும் விடுதிகள் பெருகியுள்ளன. அறைதோறும் குளிர்சாதனம், மாடிதோறும் நீர்க்குழாய், வாசலில் மின்னாக்கி. பௌர்ணமிக்கு முந்தின நாள் மாலையில் ஒரு விடுதியின் நீரேற்று மோட்டார் நின்றுபோனால் அதன் உரிமையாளர் யாரைத் தேடி ஓடுவார்? பட்டதாரிகள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கின்றனர். காயில் கட்டத் தெரிந்தவரைத்தான் கெஞ்சி அழைத்து வரவேண்டும். செங்கம் பக்கத்து மல்லாட்டை நிலத்தில் கிணற்று மோட்டார் எரிந்துபோன குடியானவருக்கும் இதே அனுபவம்தான். இரண்டு நாள் காத்திருந்து, சொன்ன கூலியைக் கொடுத்து, காப்பியும் வாங்கிக் கொடுப்பார்.

ஆனால் அந்த மின்பணியாளர் ஒருவரைக் கண்டு, 'கைத்தொழிலாளர் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்' என்று எண்ணிவிடக் கூடாது. கைவேலை என்பது ஒன்றன்று. கொத்தனாரும் கைவேலைக்காரர், அவருக்குக் கலவை சுமக்கும் சித்தாளும் கைவேலைக்காரர். இருவருக்கும் இடையே உள்ள தூரம் குமாஸ்தாவுக்கும் கொத்தனாருக்கும் இடையே உள்ளதைவிடப் பெரிது. ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் முறையிடுவது தேர்ந்த பற்றவைப்பாளருக்கும், பிட்டருக்கும், குளிர்சாதனம் பழுது பார்ப்போருக்கும். ஆள் மலிந்து கிடப்பது சுமக்கும் வேலைக்கு. நம் மாவட்டத்துச் செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்களிலிருந்து ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூருக்குப் பேருந்து ஏறும் குடும்பங்களை நாம் பார்க்கிறோமே, அவர்களுள் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர். கணவன் கம்பி கட்ட, மனைவி செங்கல் சுமக்க, கைக்குழந்தை மணல் மேட்டில் உறங்கும். மூத்த பிள்ளையைப் பாட்டியிடமோ, நம் அருட்சகோதரியரின் விடுதியிலோ விட்டுச் செல்வர். அப்பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டுமா என்பது அந்தப் பாட்டியின் உடல்நலத்தைப் பொறுத்தது.

தேர்ச்சி மட்டும் இருந்தால் போதும் என்பதும் சரியன்று. ஆரணிப் பட்டு நெய்யும் கைகளைவிடத் தேர்ந்த கைகள் நம் மாவட்டத்தில் எங்குண்டு? வந்தவாசிப் பாய் முடையும் விரல்களின் நுட்பத்தை எந்தக் கல்லூரி கற்றுத்தரும்? ஆயினும் அவ்வீட்டுப் பிள்ளைகள் தறியை விட்டுவிட்டு வேறு வேலை தேடுகின்றனர். பொருளை வாங்கி விற்பவர்க்கு இலாபமும், செய்பவர்க்குக் கூலியும் என்று இருக்கும் வரையில், திறமைக்கு ஏற்ற ஊதியம் தானே வந்துவிடாது.

இனித் தொழிற்சாலைகளுக்கு வருவோம். செய்யாற்றில் அமைந்த சிப்காட் தொழிற்பேட்டையில், தைவான் நாட்டு நிறுவனமொன்றின் ஆலையில், உலகம் முழுவதும் விற்கும் நைக்கி காலணிகள் தயாராகின்றன. அங்கே வேலை செய்யும் பல்லாயிரவருள் பெரும்பாலோர் பெண்கள். விடியுமுன் ஊர் ஊராக வந்து நிற்கும் ஆலைப் பேருந்துகள் நம் வடபகுதிக் கிராமங்களின் வாழ்வையே மாற்றியிருக்கின்றன. முன்பு பூப்பெய்திய பெண் வீட்டுக்குள் இருந்தாள், அல்லது களை பறித்தாள். இன்று அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறது. தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை அவள் கட்டுகிறாள். இதைச் சிறிது என்று எண்ணுவோர், தன் கையில் ஒரு ரூபாயும் இல்லாமல் வாழ்ந்து மடிந்த நம் பாட்டிமாரை மறந்தவர்கள்.

அதே தொழிற்பேட்டையை மேல்மாப் பகுதியில் விரிவாக்க மூவாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்க அரசு முனைந்தபோது, உழவர்கள் எதிர்த்துப் போராடினர். 2023 நவம்பரில் அவர்களுள் சிலர் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறை வைக்கப்பட்டனர். நாடெங்கும் எதிர்ப்பு எழவே, பெரும்பாலோர் மீதான அந்த ஆணையை அரசே விலக்கிக்கொண்டது. ஆலை வேலை வேண்டும் என்பவரும், நிலம் போகக்கூடாது என்பவரும் பல வீடுகளில் ஒரே குடும்பத்தினர் என்பதுதான் இதிலுள்ள வேதனை. மகள் ஆலைப் பேருந்தில் ஏறுகிறாள். தந்தை நிலத்தைக் காக்க மறியலில் அமர்கிறார். இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆலைக்குள் நிலைமை எவ்வாறுள்ளது? 2021 டிசம்பரில், திருப்பெரும்புதூரில் கைப்பேசி தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள், விடுதி உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை அடுத்து, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். அதன் பிறகே அந்த விடுதிகளின் நிலையை வெளியுலகம் அறிந்தது. 2023 ஏப்ரல் 21ஆம் நாள், ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் சட்ட முன்வடிவு நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. அது திரும்பப் பெறப்படும் என்று முதலமைச்சர் அறிவித்த நாள் மே முதல் நாள், சூசையப்பரின் திருநாள்! 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்திலுள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர், தம் சங்கத்துக்கு அங்கீகாரம் கோரி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வைவிடச் சங்கம் என்ற பெயருக்காகவே அவ்வளவு நாள் வெயிலில் அமர வேண்டியிருந்தது என்பதை நினைக்க வேண்டும்.

சங்கம் என்றாலே சிவப்புக் கொடி, அது நமக்கு ஆகாது என்று எண்ணும் கத்தோலிக்கர் இன்றும் உளர். அவர்கள் திருச்சபையின் போதனையைப் படித்தறியாதவர்கள். நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்த திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, 1891ஆம் ஆண்டு 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலில், தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை வலியுறுத்தினார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981 செப்டம்பரில், மனித உழைப்பைப் பற்றி எழுதிய 'லபோரெம் எக்செர்சென்ஸ்' சுற்றுமடலில், தொழிற்சங்கங்கள் சமுதாய வாழ்வுக்கு இன்றியமையாதவை என்றே கூறினார். வேலையின் மதிப்பை அளப்பது அது எத்தகைய வேலை என்பது அன்று, அதைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதே, என்பது அம்மடலின் மையக் கருத்து. இளமையில் போலந்து நாட்டில் கல் சுரங்கத்திலும் வேதியியல் ஆலையிலும் வேலை செய்தவர் அவர். உழைப்பைப் பற்றி ஏட்டைப் பார்த்து எழுதியவர் அல்லர்.

இப்போது நாம் தள்ளிவைத்த சாதிப் பேச்சுக்கு வருவோம். 'எத்தொழிலும் உயர்ந்ததே' என்று மேடையில் பேசுவோர் பெரும்பாலும் வெள்ளைச் சட்டையினர். கேட்போர் யார்? நம் பங்குகள் பலவற்றில், தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகள். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வாட்டிய நாளில், சேத்துப்பட்டுப் பகுதியில் உழைத்த பிரெஞ்சு நாட்டுத் தாராஸ் அடிகளாரிடம் வந்து சேர்ந்தவர்களுள் மிகப் பலர் அத்தகைய ஏழைகளே. அவர்களுக்குக் கைவேலை என்பது தாமே தேர்ந்துகொண்ட தொழிலன்று. பிறப்பின் பெயரால் பிறர் சுமத்தியது. சேற்றில் இறங்க மாட்டேன், பிணம் தூக்க மாட்டேன், பறை அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையைத் தந்தது பள்ளிக்கூடமும் அரசு வேலையும்தான். அந்த வீட்டுத் தந்தை தன் மகன் நாற்காலியில் அமர வேண்டும் என்று விரும்பினால், அதைச் சோம்பல் என்றோ போலிக் கௌரவம் என்றோ சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. அந்த நாற்காலிக்காக அவர்கள் மூன்று தலைமுறை நின்றிருக்கின்றனர்.

அங்கும் ஒரு தடை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, இந்து சமயத்தவர்க்கு மட்டுமே பட்டியல் இனச் சலுகை. 1956இல் சீக்கியரும் 1990இல் புத்த சமயத்தாரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவத்தைத் தழுவிய தாழ்த்தப்பட்டோர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டு, நிலமும் வசதியும் உடைய சாதியினரோடு போட்டியிட வேண்டியவராயினர். ஒரே தெரு, ஒரே கூலி, ஒரே இழிவு. ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்றே வேறுபாடு. இதனை ஆராய 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. இளநிலை உதவியாளர் பணிக்குப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை எந்தப் பட்டியலில் நிற்கிறான் என்பது, அவன் எவ்வளவு படித்தான் என்பதற்குச் சமமான கேள்வியாக இருப்பதை நாம் ஆண்டுக்கு ஒரு நாள் கறுப்புக் கொடி கட்டுவதோடு விட்டுவிட முடியாது.

ஆயினும் உண்மையை மறைக்கவும் கூடாது. வெள்ளைச் சட்டை வேலை என்று நாம் நம்பியிருந்த மரமும் ஆடத் தொடங்கிவிட்டது. நம் பெற்றோர் காலத்தில் ஊர்தோறும் தட்டச்சு நிலையங்கள். சுருக்கெழுத்து தெரிந்தால் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்றனர். கணிப்பொறி வந்து அந்த வேலைகளை விழுங்கியது. பின்னர் கணிப்பொறி வேலையே கனவாயிற்று. திருமண விளம்பரங்களில் மணமகன் மென்பொருளாளராக இருந்தாலன்றிப் பெண் வீட்டார் புகைப்படம் அனுப்புவதில்லை. அந்தத் துறையின் பெருநிறுவனமான டி.சி.எஸ்., 2025 ஜூலையில் தன் பணியாளருள் இரண்டு விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்தது. எழுதுவதும் கணக்கிடுவதும் செயற்கை நுண்ணறிவால் நொடியில் முடிகின்றன. 2025 மே திங்களில் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, தாம் அப்பெயரைத் தேர்ந்ததற்குக் கூறிய காரணமும் இதுவே. பதின்மூன்றாம் லியோவின் காலத்தில் நீராவி இயந்திரங்கள் எழுப்பிய கேள்வியை, இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவு எழுப்புகிறது என்றார் அவர். சுவரில் ஓட்டையிட்டுக் குழாய் பதிக்கும் வேலையை அந்த நுண்ணறிவு இன்னும் செய்யக் காணோம்.

தொழிலை எவ்வாறு கற்பிப்பது என்பதில் நமக்கு அயலார் யாரையும் தேட வேண்டியதில்லை. புனித தொன் போஸ்கோ, தூரின் நகரில், 1852ஆம் ஆண்டு தச்சு பழகச் சென்ற ஒரு சிறுவனுக்காகக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. வேலை கற்பிப்பவர் சிறுவனைச் சொல்லால் திருத்தலாம், அடிக்கக் கூடாது. தொழிலுக்குப் புறம்பான ஏவல்களில் அவனை ஈடுபடுத்தக் கூடாது. திருநாள்களில் ஓய்வு தரவேண்டும். ஊதியம் இவ்வளவு என்பதை முன்னரே எழுத வேண்டும். மறு ஆண்டில் அவரே தம் இல்லத்தில் காலணிப் பட்டறையும் தையற் பட்டறையும் தொடங்கினார்; பின்னர் புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சு, இரும்பு வேலை என்று அது வளர்ந்தது. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு குருவானவர் கேட்ட இந்த நிபந்தனைகளை, நம் ஊர்ப் பணிமனைகளில் 'எடுபிடி' என்ற பெயரில் தேநீர் வாங்கி வரும் சிறுவனுக்காக இன்று கேட்பவர் யார்?

பெற்றோர்க்கு வேண்டிய சில செய்திகளைக் கூறி முடிக்கிறேன். தொழிற்பயிற்சி நிலையம் என்றால் படிப்பு வராதவன் போகும் இடம் என்ற எண்ணம் பழையது. பற்றவைப்பு, கம்பியாள் முதலிய பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும், பிட்டர், மின்பணியாளர் முதலியவற்றுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் தேவை. பற்றவைப்பு ஓராண்டு, பிட்டரும் மின்பணியும் ஈராண்டு. தமிழ்நாட்டில் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள், டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 2,877 கோடி ரூபாய்ச் செலவில் புதிய இயந்திரங்களோடு புதுப்பிக்கும் திட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு 2022இலும் ஆண்களுக்கு 2024இலும் தொடங்கப்பட்ட மாதம் ஆயிரம் ரூபாய் உதவி, கல்லூரிக்கு மட்டுமன்றித் தொழிற்பயிற்சிக்கும் உரியது என்பதைப் பலர் அறியார். படிப்பு முடிந்தவர்கள், 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ், உதவித்தொகையுடன் ஆலைகளில் பயிற்சி பெறலாம்.

கட்டட வேலை செய்வோர், 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழி அமைந்த நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்பதை ஒவ்வொரு அன்பியக் கூட்டத்திலும் கேட்கலாம். பிள்ளைகளின் கல்வி உதவிக்கும் விபத்து உதவிக்கும் அந்த அட்டை வேண்டும். உரிய காலத்தில் புதுப்பிக்காவிட்டால் பயனில்லை. ஆலைக்கு மகளை அனுப்பும் தாய்மார், தரகர் வீட்டுக்கு வரும்போதே நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். சம்பளச் சீட்டு ஆலையின் பெயரில் வருமா, ஒப்பந்தக்காரர் பெயரிலா? வைப்பு நிதி எண் என்ன? தங்கும் விடுதியில் ஓர் அறைக்கு எத்தனை பேர்? ஞாயிறு திருப்பலிக்கு வெளியே விடுவார்களா? நான்காவது கேள்விக்கு அவர் தடுமாறினால், முதல் மூன்றுக்கும் சொன்ன விடைகளை மீண்டும் ஒருமுறை, எழுத்தில், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.